பச்சோந்தியின் உணவும் பேணலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை அக்கரையில் உள்ளது. இலங்கையின் வறண்ட வலயத்தைச் சேர்ந்த இத்தகைய இடங்களின் பற்றைகளும் வேலிகளும் பச்சோந்திக்கு ஏற்ற உறைவிடங்களாகும். வேலியில் அகப்பட்டதைக் கூட்டில் இட்டு வளர்க்கச் சிறுவர் விரும்புதல் இயல்பு. எனினும், அதன் வாழ்க்கை முறையை அறியாத அன்பு அதற்குக் கேடாகவே முடியும்.

நிறம் மாறும் ஓணானைப் பச்சோந்தி என்று மயங்குவோர் பலர். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாய்ச் சேர்ந்து, குறடுபோலக் கொம்பைப் பற்றும். கண்கள் தனித்தனியே சுழலும்.

அதன் உணவு உயிருள்ள பூச்சிகளே. வெட்டுக்கிளி, ஈ, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றை, உடலினும் நீளக்கூடிய நாவை வீசிப் பிடிக்கும். சோறும் கறியும் அதற்கு உணவாகா. ஒரே வகைப் பூச்சியும் போதாது. எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்து உடலிற் சேர விற்றமின் டி வேண்டும். அதனைத் தோல் ஆக்குதற்கு வெயிலின் புறஊதாக் கதிர்கள் வேண்டும். அறைக்குள் அடைபட்ட பச்சோந்தியின் எலும்புகள் மென்மையுற்று வளைவது இதனாலேயே.

நீரின் செய்தி இன்னும் வியப்பானது. இலைகளில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே அது தாகந் தணிக்கும். கிண்ணத்தில் அசையாது நிற்கும் நீரை அது பெரும்பாலும் நாடுவதில்லை. ஆதலின், நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே தாகத்தால் மடிதலுங் கூடும்.

நிறமாற்றம் ஒளிந்துகொள்வதற்கு மட்டும் உரியதன்று. 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் மடகாஸ்கர்ப் பச்சோந்தி இனமொன்றை ஆராய்ந்து, தோலின் உயிரணுக்களிலுள்ள நுண்பளிங்குகளின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகின்றது எனக் காட்டினர். குளிரும் அச்சமும் சினமுங்கூட நிறத்தில் வெளிப்படும். தனித்து வாழும் இப்பிராணியை மற்றொன்றுடன் ஒரே கூட்டில் அடைத்தலும் அதற்குத் துன்பமே.

தரையில் மெல்ல நடந்து செல்லும் பச்சோந்தி எளிதிற் கைக்கு அகப்படும். அது முட்டையிடுதற்கு மண்தேடி மரத்தினின்று இறங்கிய பெண்ணாயிருக்கலாம். தோண்டுதற்கு மண் கிடையாவிடின், முட்டைகள் வயிற்றிலேயே தங்கி அதன் உயிருக்கு ஆபத்தாகும்.

இலங்கையில் பச்சோந்தி சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பிராணியாகும். பிடித்து வளர்த்தல் குற்றம். காயமுற்றதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். நலமாயுள்ளதை அருகிலுள்ள மரக்கொம்பில் ஏறவிடுவதே போதும். வேலியை வெட்டி அழியாமலும், அதன்மேற் பூச்சிநாசினி தெளியாமலும் காத்தால், பச்சோந்திக்கு வேண்டிய இரையும் பனித்துளியும் வெயிலும் அங்கேயே கிடைக்கும். அதனினுஞ் சிறந்த கூட்டை எவராலும் அமைத்தல் அரிது.