எதிரி நாட்டிலிருந்து வந்த கதைகள்

புத்தகங்கள் போட்ட பாலம் – 9

1933 மே 10 இரவு, பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜிகள் புத்தகங்களை எரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தீக்குப் பிறகு வளர்ந்த ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கதைகள் பெரும்பாலும் கண்ணில் படவே இல்லை. பாடப் புத்தகத்தில் வெறுப்பைப் படித்தார்கள்; பள்ளி விட்டால் ஹிட்லரின் இளைஞர் படையில் அணிவகுத்தார்கள். 1945இல் போர் முடிந்தது. வீடு இடிந்து, அப்பாவைப் பறிகொடுத்து, அதுவரை நம்பியதெல்லாம் பொய்யாகிப் போய் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? உணவும் உடையும் என்றார்கள் எல்லோரும். அவற்றோடு கதைப் புத்தகமும் வேண்டும் என்றார் யெல்லா லெப்மன்.

அவர் 1891இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் 1922இல் இறந்தபின், பத்திரிகையில் எழுதி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பிழைப்பு பறிபோனது. 1936இல் பிள்ளைகளோடு நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். அப்படித் துரத்தப்பட்டவர், 1945 அக்டோபரில் அதே மண்ணுக்குத் திரும்பி வந்தார். பெண்கள், இளைஞர் நலன் பற்றி அமெரிக்க ராணுவ நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்வது அவருக்குத் தரப்பட்ட வேலை. தன் இனத்தையே அழிக்க நினைத்த நாட்டின் குழந்தைகளுக்காக அவர் உழைக்க வந்தார். வெறும் இரக்கத்தால் மட்டும் வந்தவர் அல்ல. இந்தப் பிள்ளைகளை இப்படியே விட்டுவிட்டால் இன்னொரு போர் வரும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்க ராணுவத்திடம் பணம் இல்லை. லெப்மன் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் புத்தகங்களை ஜெர்மானியக் குழந்தைகளுக்காக அனுப்புங்கள் என்று கேட்டார். நேற்றுவரை குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்டுக்குக் கதைப் புத்தகம் அனுப்பச் சொல்லும் கடிதம் அது. ஆனாலும் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. ஜெர்மனி இரண்டு முறை படையெடுத்து மிதித்த நாடு அது. அதன் கோபத்தில் நியாயம் இருந்தது. லெப்மன் விடவில்லை, திரும்பவும் எழுதினார். மூன்றாவது முறையும் படை வரக் கூடாது என்று உண்மையிலேயே நினைத்தால், இந்தக் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். பெல்ஜியத்திலிருந்தும் நல்ல நல்ல புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

1946 ஜூலை 3 அன்று மியூனிக் நகரில் அந்தப் புத்தகங்களின் கண்காட்சி தொடங்கியது. இடம், ‘ஹவுஸ் டெர் குன்ஸ்ட்’ கலைக்கூடம். ஜெர்மானியக் கலையின் உயர்வைப் பறைசாற்ற ஹிட்லர் கட்டி, 1937இல் திறந்துவைத்த அதே கட்டடம். அங்கே ஏறக்குறைய 4000 புத்தகங்கள் வைக்கப்பட்டன. பல நாட்டுக் குழந்தைகள் வரைந்த ஓவியங்களும் சுவர்களில் இருந்தன. பிரெஞ்சோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? எதிரி என்று சொல்லித் தரப்பட்ட நாட்டிலும் குறும்புக்காரப் பையன்கள் இருக்கிறார்கள், பாட்டிகள் இருக்கிறார்கள், இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க முடியாது.

கண்காட்சி ஊர் ஊராகப் போய், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் பெர்லினில் இருந்தது. பார்க்க வரும் குழந்தை வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்று லெப்மன் நினைத்தார். மன்ரோ லீஃப் எழுதிய ‘ஃபெர்டினாண்ட்’ கதையைத் தானே ஜெர்மன் மொழியில் எழுதினார். சண்டை போட மறுத்து, பூக்களை முகர்ந்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் காளையின் கதை அது. நாஜிகளுக்கு ஆகாத கதை. செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சாகி, பெர்லின் குழந்தைகளின் கைக்குப் போயின.

கண்காட்சி முடிந்தால் புத்தகங்கள் கலைந்துவிடும். அவற்றை நிலையாக வைக்க ஒரு வீடு வேண்டும் என்று லெப்மன் அலைந்தார். மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் துணை நின்றார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதி கொடுத்தது. 1949 செப்டம்பர் 14 அன்று மியூனிக்கில் ‘பன்னாட்டு இளைஞர் நூலகம்’ திறக்கப்பட்டது.

அந்த நூலகம் நடந்த விதத்தை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். அலமாரிகள் திறந்திருந்தன, எந்தப் புத்தகத்தையும் குழந்தையே எடுத்துப் புரட்டலாம். படித்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து விவாதித்தார்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். ஓவிய அறை இருந்தது, பிறமொழி வகுப்புகள் இருந்தன, நாடகம் இருந்தது. ஐ.நா. சபை போலச் சிறுவர் சபை ஒன்றையும் கூட்டி உலக விஷயங்களைப் பேசவைத்தார்கள். தலையாட்ட மட்டுமே பழக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அங்கே எதிர்க்கருத்துச் சொல்லவும், எதிர்க்கருத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும் கற்றார்கள். அவர்களைக் கூட்டி உட்காரவைத்தது கதை. சேர்த்துவைத்தது அந்தப் பேச்சு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நூலகம் ஒரு கிடங்காகத்தான் போயிருக்கும்.

பெர்லினில் தன் புத்தகங்கள் எரிவதை நேரில் நின்று பார்த்த எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் இங்கேயும் வருகிறார். லெப்மன் சொன்ன கருவை வைத்து அவர் எழுதிய ‘விலங்குகளின் மாநாடு’ 1949இல் வெளிவந்தது. மனிதர்கள் சமாதானம் செய்யத் தவறியதால், குழந்தைகளுக்காக விலங்குகள் மாநாடு கூட்டும் கதை.

1951இல் லெப்மன் மியூனிக்கில் ஒரு மாநாடு கூட்டினார். அதன் பலனாக 1953இல் சூரிச் நகரில் குழந்தை நூல்களுக்கான பன்னாட்டு வாரியம் பிறந்தது. குழந்தை இலக்கியத்தின் மிக உயர்ந்த விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1956 முதல் வழங்குவது இந்த வாரியம்தான். ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஆம் தேதியை 1967 முதல் உலகக் குழந்தை நூல் நாளாகக் கொண்டாடுவதும் இதுவே. 1998இல் இதன் மாநாடு புது தில்லியில் நடந்தது. லெப்மன் 1970இல் மறைந்தார். 1983இல் பழைய ப்ளூட்டன்புர்க் கோட்டைக்கு இடம் மாறிய அவருடைய நூலகத்தில் இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன.

அவர் தொடங்கிய வேலை நூலகத்தோடு நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் படகேறி வரும் அகதிகள் இத்தாலியின் லாம்படூசா தீவில் கரையேறுகிறார்கள். அவர்களின் குழந்தைகளுக்கும் தீவுக் குழந்தைகளுக்கும் பொதுமொழி கிடையாது. 2012இல் வாரியம், சொற்களே இல்லாத படப்புத்தகங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டத் தொடங்கியது. எந்த மொழிக் குழந்தையும் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து புரட்டக்கூடிய புத்தகங்கள் அவை. 1946இல் மியூனிக்கில் படங்கள் செய்த வேலையை இவை அந்தத் தீவில் செய்கின்றன.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊரிலும் ஒரே பள்ளியில், ஒரே தெருவில், ஒருவரோடு ஒருவர் பழகாமல் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒற்றுமை பற்றி உபதேசம் செய்ய வேண்டாம். வரும் ஏப்ரல் 2 அன்று ஒரு நல்ல கதைப் புத்தகத்தை அவர்கள் நடுவில் வையுங்கள். சேர்ந்து படிக்கட்டும், சத்தமாக வாதாடட்டும். பூட்டிய அலமாரிகளின் சாவியை அவர்களிடமே கொடுங்கள். புத்தகம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

(தொடரும்)