கிறிஸ்துமஸ் நாளில் முழுநிலவு

கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வரும் விழாவாகும். அதன் நாள் கதிரவ நாட்காட்டியைச் சார்ந்தது. முழுநிலவோ சந்திர மாதத்தைச் சார்ந்தது. ஆகவே இரண்டும் ஒரே நாளில் அமைவது அரிது. (இலங்கையில் முழுநிலவு நாளான ஒவ்வொரு போயாவும் பொது விடுமுறை என்பதால் போயாவைப் பொறுத்தவரை இக்கேள்வியே எழாது.)

ஒரு முழுநிலவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 29.53 நாட்கள். எனவே குறித்த ஒரு தேதியில் முழுநிலவு வர வாய்ப்பு ஏறத்தாழ முப்பதில் ஒன்று; நூற்றாண்டுக்குச் சராசரியாக மூன்று அல்லது நான்கு முறை. எனினும் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் என்று இதற்குப் பொருளன்று.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்களே ஆகும். இதனால் முழுநிலவு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்திச் செல்கிறது. ஆனால் 235 சந்திர மாதங்கள் 6,939.69 நாட்கள், 19 ஆண்டுகள் பொதுவாக 6,939 அல்லது 6,940 நாட்கள். ஆகையால் 19 ஆண்டுகளுக்குப் பின் முழுநிலவு பெரும்பாலும் அதே தேதிக்கோ அதற்கு அடுத்துள்ள தேதிக்கோ திரும்பும். இது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த வானியலாளர் மேட்டனின் பெயரால் மேட்டன் சுழற்சி எனப்படுகிறது.

உலக நேரப்படி 1977, 2015 ஆகிய ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் அன்று முழுநிலவு அமைந்தது, அடுத்தது 2034. இடைப்பட்ட 1996 சில மணி நேரத்தில் தவறியது: முழுநிலவு டிசம்பர் 24 இரவு 8:41க்கு நிகழ்ந்தது. இந்திய நேரத்தில் அது டிசம்பர் 25 அதிகாலை 2:11. ஆகவே உலக நேரப் பட்டியலில் இடம்பெறாத 1996, இந்தியாவிற்கான பட்டியலில் இடம்பெறும்.