முடிச்சு போடாத மெஷின்

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா நூற்பாலையில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவராம். புது மெஷின் வந்தபின் அந்தப் பிரிவில் பாதிப் பேர்கூட இல்லை என்கிறார். ‘ஸ்மார்ட் ஃபேக்டரி என்கிறார்களே, இனி ரோபோதான் நூல் நூற்குமா?’ என்பது அவர் கேள்வி.

நூற்பாலைக்குள் ரோபோ கை கால் வைத்துக்கொண்டு நடந்து வருவதில்லை. விரல் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வருகிறது. பஞ்சை நூலாக்கும் கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃபிரேம் எல்லாம் கொங்குநாட்டு வாசகர்களுக்குத் தெரிந்த கதை; விட்டுவிடுகிறேன். வாசகியின் அக்கா நின்ற இடத்துக்கே போவோம்.

ரிங் ஃபிரேமிலிருந்து இறங்கும் காப் என்ற சிறு நூல்சுருளில் சுமார் 50 கிராம் நூல்தான் இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் கோன் என்ற பெரிய சுருளோ ஏறக்குறைய 2 கிலோ. அதாவது ஒரு கோனுக்கு 40 காப்; இந்தச் சுற்றல்தான் வைண்டிங். நாற்பதாம் நம்பர் நூலாக இருந்தால் அந்தக் கோனுக்குள் சுமார் 135 கிலோமீட்டர் நூல் இருக்கிறது. கோவையில் பிடித்து இழுத்தால் கரூரைத் தாண்டும். நடுவில் நூல் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை என்றாலும் 39 இடங்களில் அதை இணைத்தாக வேண்டும்.

முன்பு இதைச் செய்தவை பெண்களின் விரல்கள். பிறகு உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் நாட்டர் வந்தது. இரண்டு நுனியையும் அதில் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிச்சு விழும், மிச்சம் வெட்டுப்படும். முடிச்சு கண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் பின்னல் மெஷினின் ஊசியில் அது சிக்கினால் நூல் அறும், பனியன் துணியில் ஓட்டை விழும்.

1960களில் ஜெர்மனியின் ஷ்லாஃப்ஹோர்ஸ்ட் நிறுவனம் தானே நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினைக் கொண்டுவந்தது. இன்று எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் நம் ஆலைகளில் அதற்கு அந்தப் பெயர்தான். தொடக்கத்தில் அதுவும் முடிச்சுதான் போட்டது. முடிச்சையே ஒழித்தது பின்னால் வந்த ஸ்ப்ளைசர் என்ற சிறிய பாகம். ஆலை முழுவதிலும் என் மனதைக் கவர்ந்தது அதுதான். அது நூலை இணைப்பது வெறும் காற்றால்.

நூல் அறுந்தாலோ காப் தீர்ந்தாலோ ஒரு உறிஞ்சுகுழல் மேலே போய்க் கோனில் ஒட்டிக்கிடக்கும் நுனியைத் தேடிப் பிடிக்கிறது. இன்னொரு குழல் கீழே காப்பிலிருந்து நுனியைக் கொண்டுவருகிறது. இரண்டும் ஸ்ப்ளைசருக்குள் எதிரெதிராக வந்து படுக்கின்றன. கத்தரி நறுக்குகிறது. பிறகு இரண்டு நுனியும் தனித்தனிச் சின்னக் குழாய்களுக்குள் போகின்றன. அங்கே காற்று முறுக்குக்கு எதிர்த்திசையில் சுழன்று அடிக்கிறது. முறுக்கு அவிழ்ந்து, குட்டை இழைகள் பறந்துபோய், நுனி பஞ்சுபோல் விரிகிறது. விரிந்த இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தியதும் மூடி விழுகிறது. அழுத்தக் காற்று ஒரு வீச்சு. இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் புரள்கின்றன. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நன்றாக விழுந்த இணைப்புக்கு மூல நூலின் வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். எந்த இடத்தில் சேர்ந்தது என்று கண்ணால் சொல்வது கஷ்டம்.

குத்துவிளக்குக்குத் திரி நீளம் போதாவிட்டால் என் பாட்டி இதைத்தான் செய்வார். இரண்டு நுனியையும் நகத்தால் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தொடையில் ஒரு உருட்டு. மெஷின் கற்றுக்கொண்டதும் அந்த உருட்டைத்தான்.

ஸ்ப்ளைசருக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு கிளியரர் நிற்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும் நூலில் தடித்த இடம், மெலிந்த இடம் எல்லாவற்றையும் கண்டு வெட்டும். பிளாஸ்டிக் சாக்கின் பிசிறையும் தலைமுடியையும் விடாது. பருத்திக் காட்டில் நாம் காட்டும் அலட்சியத்தை ஆலையில் விலை கொடுத்துத் துடைக்கிறோம்.

ரிங் ஃபிரேமிலும் இதே கதைதான். நிறைந்த காப்பை மெஷினே இறக்கி, வெறும் பாபினை மாட்டுகிறது. எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்தது என்று விளக்கு எரிந்து காட்டுகிறது. அறுந்ததை ஒட்டும் பீசிங் மட்டும் மனித விரலிடம் மிஞ்சியிருந்தது. 2019-இல் பார்சிலோனா கண்காட்சியில் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் அதற்கும் ஒரு ரோபோவைக் காட்டிவிட்டது.

இதற்காக நான் அழப்போவதில்லை. பஞ்சுத்தூசியும் புழுக்கமும் இரவு ஷிஃப்டும் யாருக்கும் வரம் அல்ல. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழை வீட்டுப் பெண்களை ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கிய கதையும் இதே ஆலைகளில்தான் நடந்தது. அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

என் வருத்தம் வேறு. ஆலைகளில் ஹெச்.ஓ.கே. என்று ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி செலவாயிற்று என்பது அது. எண் குறைந்தால் மேனேஜருக்குப் பெருமை. குறைந்த மணிகளுக்குரிய ஆட்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. நான் பார்த்த ஆலைகளில் புது மெஷினைக் கழற்றி மாட்டும் பயிற்சி டிப்ளமோ படித்த பையன்களுக்குத்தான் போயிற்று. இருபது வருடம் நூலைத் தொட்டுப் பழகிய பெண்களுக்குக் கிடைத்தது பேக்கிங், அல்லது துடைப்பம். ஒரு பக்கம் ஆள் கிடைக்கவில்லை என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவருகிறோம்; இன்னொரு பக்கம் கைவசம் இருக்கும் அனுபவத்தை வாசலுக்கு வெளியே அனுப்புகிறோம்.

இது தர்மக் கணக்கு மட்டும் அல்ல, லாபக் கணக்கும்தான். பஞ்சுக் கலவை மாறினாலும் நூல் நம்பர் மாறினாலும் ஸ்ப்ளைசரின் காற்றழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றி வைக்க வேண்டும். பிசிறு அடைத்தால் இணைப்பு பல் இளிக்கும். விளக்கு எரிவதற்கு முன்பே அதை விரலால் உணரக்கூடியவர் அந்த அக்காதான்.

ஆலை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மெஷினுக்கு ஆர்டர் போடும்போது கம்ப்ரெசர், உதிரிபாகம் இவற்றோடு வைண்டிங் பெண்களின் பயிற்சிச் செலவையும் சேர்த்து எழுதுங்கள். பயிற்சி தர 1956 முதல் கோவையில் சிட்ரா இருக்கிறது; நூற்புத் தொழில் ஆராய்ச்சிக்கு நாமே வளர்த்த நிறுவனம். ஹெச்.ஓ.கே. தாளில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: குறைந்த ஆட்களில் எத்தனை பேருக்கு மெஷினைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தோம் என்று. அந்தக் கட்டம் பூஜ்யமாக இருக்கும்வரை, எத்தனை சென்சார் பொருத்தினாலும் அந்த ஆலையை ஸ்மார்ட் என்று நான் சொல்லமாட்டேன்.