நேற்றிருந்த பக்கத்தைத் தேடி

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தைத் தேடி ஆய்வாளர்கள் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே சேர்த்து வைத்திருக்கும் முதல் பதிப்புகள். மறுபதிப்பு கடையிலேயே கிடைக்கும்போது முதல் பதிப்புக்கு ஏன் இத்தனை மதிப்பு? பின்னால் வரும் பதிப்புகளில் முன்னுரை போய்விடலாம், சமர்ப்பணம் மாறலாம், ஒரு பத்தியே காணாமல் போகலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

புத்தகத்திலாவது ‘இரண்டாம் பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பார்கள். இணையப் பக்கத்தில் பெரும்பாலும் அந்தக் குறிப்பு இருக்காது. விண்ணப்பத்தின் கடைசி நாள், ஒரு திட்டத்துக்கான வருமான வரம்பு, காலிப் பணியிடங்களின் எண்ணிக்கை என எது மாறினாலும் முகவரி அதேதான்; பழையது போன சுவடே தெரியாது. அரசுத் தளங்களின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு தேதி இருக்கும். அதை நம்பி முடிவுக்கு வரக் கூடாது. தளத்தின் வேறொரு மூலையில் ஒரு படத்தை மாற்றினாலும் அந்தத் தேதி மாறிவிடலாம்.

புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் இந்த நகரம் மாநகராட்சியானது. அதற்கு முந்தைய நகராட்சிக் காலத்து விவரங்களை இணையத்தில் பார்க்க விரும்புகிறவர் எங்கே போவது?

முதலில் போக வேண்டிய இடம் ‘வேபேக் மெஷின்’. புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய, சான் பிரான்சிஸ்கோவில் இயங்கும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. உலகெங்கும் உள்ள பக்கங்களை அதன் நிரல்கள் அவ்வப்போது படியெடுத்து வைக்கின்றன. வேபேக் மெஷின் பொதுமக்களுக்கு 2001-இல் திறந்துவிடப்பட்டது. 2025 அக்டோபரில் அதன் இருப்பு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. பயன்படுத்தக் கட்டணம் கிடையாது.

செய்முறை எளிது. வெப் டாட் ஆர்கைவ் டாட் ஆர்க் என்ற தளத்துக்குப் போய், மாறிவிட்ட பக்கத்தின் முகவரியை இட வேண்டும். ஆண்டு வாரியாக நாள்காட்டி விரியும். படியெடுத்த நாள்களின் மேல் வட்டம் இருக்கும். நீல வட்டத்தைத் தொட்டால் அன்றிருந்த பக்கம் திறக்கும். பச்சை வட்டம் என்றால் அந்த முகவரி வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது என்று பொருள். ‘மாற்றங்கள்’ என்ற பகுதியில் இரண்டு நாள்களைத் தேர்ந்தால், நீங்கிய வரிகளும் சேர்ந்த வரிகளும் தனித்தனி வண்ணத்தில் அருகருகே வரும். நாமே வரி வரியாக ஒப்பிட வேண்டியதில்லை.

முகவரியே மாறிவிட்டால்தான் சிக்கல். அரசுத் தளங்கள் புது வடிவத்துக்கு மாறும்போது பழைய முகவரிகள் செத்துப்போகின்றன. புது முகவரியை இட்டுத் தேடினால் பழையது வராது. பழைய நாளிதழ்ச் செய்தியிலோ, அச்சிட்ட சுற்றறிக்கையிலோ பழைய முகவரி இருக்கிறதா என்று பார்க்கலாம். தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தால், அதன் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டுத் தேடினால் போதும். அந்தத் தளத்திலிருந்து எடுத்து வைத்த பக்கங்கள், பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். பலருக்கும் தெரியாத இந்த வழிதான் அதிகம் கைகொடுக்கிறது.

கிடைத்ததை அப்படியே நம்பிவிடவும் முடியாது. பழைய பக்கத்தின் முகவரியில் பதினான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது கிரீன்விச் நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், ஆகஸ்ட் 12 இரவு 8 மணி என்று காட்டினால் புதுக்கோட்டையில் அது 13-ஆம் தேதி அதிகாலை 1.30. கடைசி நாள் பற்றிய வழக்கில் இந்த வித்தியாசமே எல்லாவற்றையும் தீர்மானிக்கலாம். இன்னொன்று: எழுத்து ஒரு நாள் எடுத்ததாகவும், அதே பக்கத்தில் தெரியும் படம் வேறொரு நாள் எடுத்ததாகவும் இருப்பதுண்டு. கடவுச்சொல் கேட்கும் பக்கங்களும், பதிவெண் இட்டால் மட்டும் விவரம் காட்டும் பக்கங்களும் வேபேக் மெஷினில் இருக்காது.

முன்பெல்லாம் கூகுள் தேடல் முடிவின் அருகிலேயே அது எடுத்து வைத்த படி கிடைத்தது. 2024 தொடக்கத்தில் அந்த வசதியை கூகுள் நிறுத்திவிட்டது. சில மாதங்கள் கழித்து, வேபேக் மெஷினுக்கே இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. இத்தனை பெரிய உலகம் ஒரே சேமிப்பகத்தை நம்பி நிற்பது கவலைக்குரியது. அந்தக் கவலைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. பின்னர் தடை விலகியது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாள்கள் படுத்துவிட்டது. இணையத்தின் மறதியோ யாருக்காகவும் நிற்பதில்லை: 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது.

தன் வரலாற்றைத் தானே சுமக்கும் பக்கங்களும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையிலும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதைத் தொட்டால், முதல் வரி எழுதப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடும் திருத்தியவர் பெயரோடும் வரிசையாக நிற்கும். அரசுத் தளங்களும் இப்படி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

சட்டம் என்றால் வழி வேறு. ஓர் எடுத்துக்காட்டு: 2017 பிப்ரவரி 15-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 31 ஹைட்ரோகார்பன் ஒப்பந்தப் பகுதிகளில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. அப்போது எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்கு இருந்த நிபந்தனைகளை 2020 ஜனவரி 16-ஆம் தேதி வந்த திருத்தம் தளர்த்தியது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றானது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை இன்று திருத்தங்களோடு தொகுத்த வடிவில் மட்டும் படிப்பவருக்கு, அந்தத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் போராடியபோது எது விதியாக இருந்தது என்பது புலப்படாது. அதற்கு மத்திய அரசிதழ்தான் ஆதாரம். மூல அறிவிக்கையும் ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி தேதியோடு அதில் இருக்கின்றன.

வேபேக் மெஷினில் பழைய பக்கம் கிடைப்பது, யாரோ எடுத்து வைத்திருந்தால் மட்டுமே. சிற்றூர்த் தளங்களை அந்த நிரல்கள் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே முக்கியமான அறிவிப்பைப் படித்த அன்றே நாமே சேமிக்க வேண்டும். வேபேக் மெஷினின் முகப்பில் ‘பக்கத்தை இப்போதே சேமி’ என்ற பெட்டி உண்டு. முகவரியை இட்டுப் பொத்தானை அழுத்தினால் நிலையான இணைப்பு ஒன்று கிடைக்கும். அறிவிப்பின் உள்ளே இருக்கும் பிடிஎஃப்பின் முகவரியைத் தனியாகச் சேமிக்க வேண்டும். பக்கத்தைச் சேமித்தால் அதுவும் சேர்ந்துவிடும் என்று பலர் ஏமாறுகிறார்கள். நீதிமன்றம் வரை போகும் வாய்ப்பிருந்தால் கைப்பேசியில் எடுத்த திரைப்பிடிப்பு மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் இணைக்கச் சொல்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்க வேண்டும் என்பதால், கோப்பைத் திறந்து திருத்தாமல் முதலில் இறக்கிய வடிவிலேயே வைத்திருப்பது நல்லது.