குளிசைக்கு முன் வாயைத் திறப்போம்

நாங்கள் வேலை செய்யும் பக்ரறி வடமேற்கு இலண்டனில் இருக்கிறது. பொதி செய்யும் லைனில் நிற்பவர்களில் எட்டுப் பேர் எங்கள் ஊர்ப் பெண்கள். முன்னொரு மாரியில் எங்களோடு நிற்கும் ஐம்பத்தாறு வயது அக்கா பஸ் தரிப்பிடத்தில் சறுக்கி விழுந்தார். சின்ன விழுகைதான். ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது. டெக்சா ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது என்று கூறி, கிழமைக்கு ஒன்று போடும் அலென்ட்ரோனிக் அசிட் குளிசையும், கல்சியமும் விற்றமின் டியும் எழுதிக் கொடுத்தார்.

அக்கா அந்தக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுப் படுத்தார். நெஞ்செரிவு தாங்க முடியவில்லை. குளிசைப் பெட்டி அலுமாரிக்குள் போயிற்று. "எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை" என்று மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தார். வைத்தியரிடம் அவருக்காகப் பேசப் போனவன் பதின்மூன்று வயதுப் பேரன். மாதவிடாய் எப்போது நின்றது என்று வைத்தியர் கேட்டதும் பெடியன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? ஈஸ்ரஜன் என்ற ஓமோன்தான் பெண்களின் எலும்பைக் காத்து நிற்கிறது. மாதவிடாய் நிற்கும்போது அது குறைகிறது. எலும்பு வேகமாகத் தேயத் தொடங்குகிறது. எங்களில் ஒருவருக்கு 41 வயதிலேயே நின்றுவிட்டது. "நாட்டை யோசிச்சு யோசிச்சு நின்றிட்டுது" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அது பிழை. 45 வயதுக்கு முன் நின்றால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தடை ஏதும் இல்லாவிட்டால், வழமையாக நிற்கும் வயதான ஐம்பத்தொன்று வரையாவது ஓமோன் மருந்து எடுக்கும்படி சொல்வார்கள். எலும்புக்கும் அது காவல்.

ஓமோன் மருந்து என்றதும் எம்மவர் "புற்றுநோய் வரும்" என்று பயப்படுகிறார்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவிய பயம் அது. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்ட பெரும்பாலானோருக்கு நன்மையே கூட என்று இன்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இரண்டு ஓமோன் கலந்த மருந்தால் மார்புப் புற்றுநோய் ஆபத்து சிறிது கூடுவது உண்மை. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இம்மருந்து பொதுவாகக் கொடுப்பதில்லை. குளிசையால் இரத்தம் கட்டும் ஆபத்துச் சற்றுக் கூடும். தோலில் ஒட்டும் பட்ச், பூசும் ஜெல் என்பவற்றில் அந்த ஆபத்து இல்லை. கருப்பை உள்ளவர் ஈஸ்ரஜனோடு புரொஜெஸ்ரரோன் வகை மருந்தும் எடுக்க வேண்டும். ஆகவே ஒருவரின் மருந்து இன்னொருவருக்கு உதவாது. சென்னையிலிருந்து வந்த குளிசையைப் பகிர்ந்து போடும் பழக்கத்தை விடுவோம்.

அக்காவின் குளிசைக்கும் ஒரு முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் நின்றோ நிமிர்ந்து இருந்தோ கொள்ள வேண்டும். தேத்தண்ணி, பால் கூடாது. கல்சியத்தை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். அப்படியும் நெஞ்சு எரிந்தாலோ விழுங்கக் கஷ்டமென்றாலோ நிறுத்திவிட்டு உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் மருந்தும் உண்டு, ஆறு மாதத்துக்கொரு ஊசியும் உண்டு. அந்த ஆறு மாத ஊசியைத் தவணை தப்பவிடக் கூடாது. தப்பினால் முள்ளந்தண்டு எலும்பு முறியக்கூடும்.

விற்றமின் டி எங்கள் எல்லோருக்கும் உரியது. 1962இலேயே கிளாஸ்கோவில் பாகிஸ்தானியக் குடும்பங்களில் எலும்பு மெலிவைக் கண்டு வைத்தியர்கள் எழுதினார்கள். கறுத்தத் தோலுக்கு இந்த நாட்டு வெயில் போதாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் வருடம் முழுக்க எடுக்க யோசிக்கும்படி அரசாங்கமே சொல்கிறது.

காசுப் பயமும் வேண்டாம். இங்கிலாந்தில் அறுபது வயதானவர்களுக்கு மருந்து இலவசம். 2023 ஏப்ரல் முதல், இரண்டு மருந்துக்குரிய கட்டணத்தோடு ஒரு வருட ஓமோன் மருந்துக்கான சான்றிதழ் எடுக்கலாம். அகதி விண்ணப்பத்தில் இருப்போர் எச்.சி.2 சான்றிதழ் பற்றி விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜீ.பி.யிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண் வைத்தியர் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

அக்காவை அடுத்த முறை நாங்கள் இருவர் கூட்டிப் போனோம். மொழிபெயர்த்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது ஞாயிறு காலையில் குளிசை போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் நின்றபடி மரக்கறி வெட்டுகிறார். நெஞ்செரிவு இல்லையாம்.