பத்து ராகம், ஒரு டிஸ்கோ பீட்: 1982-ல சரண்ஜித் சிங் என்ன பண்ணார்?

போன எபிசோடுக்கு அப்புறம் நம்ம காக்களூர் நண்பர் ஒருத்தர் ஒரு டிஸ்கோ ஹவுஸ் ட்ராக் அனுப்பினார். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ராத்திரி லேப்டாப்ல பண்ணது. கூடவே ஒரு கேள்வி: "இதை யாருடா கேப்பாங்க?" அதுக்குப் பதிலா இன்னைக்கு ஒரு பழைய ரெக்கார்டு கதை.

முதல்ல பீட். சிட்கோ எஸ்டேட்ல பிரஸ் மெஷின் ஓடுற ஷெட் பக்கமா நடந்திருக்கீங்களா? ஒரே இடைவெளியில டம், டம், டம், டம். டிஸ்கோவுக்கும் ஹவுஸுக்கும் அடித்தளம் அதேதான். நாலு அடிக்கும் கிக் ட்ரம் விழும்.

1980-ல 'குர்பானி' படத்துல நாஸியா ஹசன் பாடி, பிட்டு இசையமைச்ச பாட்டு வந்ததும் இந்தியாவுல டிஸ்கோ அலை அடிச்சுது. அந்த நேரத்துல, மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள்ல வாசிச்சிட்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல எச்.எம்.வி. வழியா ஒரு ஆல்பம் போட்டார்: 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. மொத்தமே மூணு ரோலண்ட் மெஷின். தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, மெலடிக்கு ஜூபிடர்-8.

இதுல 303-தான் ஹீரோ. கிட்டார் வாசிக்கிறவங்க தனியா பயிற்சி எடுக்கும்போது கூட பேஸ் வாசிக்கட்டும்னு 1981-ல வந்த பெட்டி அது. நிஜ பேஸ் மாதிரி சத்தம் வரல, விற்பனையும் போகல, 1984-ல நிறுத்திட்டாங்க. ஆனா அதுல ரெண்டு குணம் இருக்கு. ஒண்ணு, ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் வரும், கார்டு கிடையாது. ரெண்டு, ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போகும். நம்ம ஊர்ல அதை ஜாருன்னு சொல்வோம். கார்டு வேண்டாம், வழுக்கல் வேணும்: ராகத்துக்குத் தேவையானதும் அதேதானே!

ஆல்பம் பெரிசா போகல. மறந்தே போச்சு. 1987-ல சிகாகோவுல ஃப்யூச்சர் குழு அதே 303-யோட குமிழ்களைத் திருகித் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டாங்க. ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே பிறந்துச்சு. அப்புறம் எடோ பௌமன்னு ஒரு டச்சு ரெக்கார்டு சேகரிப்பாளர் கையில சிங்கோட பிரதி கிடைச்சு, 2010-ல மறுபடி வெளியாச்சு. கேட்டவங்க அசந்துட்டாங்க, ஏன்னா சத்தம் அவ்வளவு ஒத்துப்போகுது.

அப்போ ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது இந்தியாவா? தலைப்புக்கு நல்லா இருக்கும், ஆனா அப்படிச் சொல்ல மாட்டேன். சிங்கைக் கேட்டு சிகாகோக்காரங்க பண்ணாங்கன்னு காட்ட எதுவும் இல்ல. ஒரே டூலை ரெண்டு டீம் தனித்தனியா நோண்டினா, ஒரே மாதிரி தீர்வு வரும். கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்.

சிங் 2015-ல காலமானார். அதுக்கு முன்னாடி, எழுபது வயசைத் தாண்டி, ஐரோப்பிய மேடைகள்ல அந்த ராகங்களை வாசிச்சுட்டார்.

கேக்க ஆரம்பிக்கிறவங்க 'பூபாலி' போடுங்க. அது நம்ம மோகனம். காது உடனே பிடிச்சுக்கும். அடுத்து 'மால்கௌன்ஸ்', அதாவது ஹிந்தோளம்.

நண்பா, உன் ட்ராக்ல கிக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. அதைக் குறைச்சுட்டு, வெளியிடு. அடுத்த எபிசோடுல பாப்போம்.