சிம்மை மாற்றலாம், குழுவை மாற்ற முடியுமா?

"தம்பி, இந்த வாட்ஸ்அப்பைத் தூக்கிட்டு நம்ம ஊரு அரட்டையைப் போட்டுக் குடு." 2025 செப்டம்பர் கடைசியில், தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நான் நடத்தும் மொபைல் ரிப்பேர் கடையில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அரட்டை, ஸோஹோ கம்பெனியின் செய்திச் செயலி. மூன்றே நாளில் அதில் புதிதாகச் சேருகிறவர்கள் நாளொன்றுக்கு 3,000 என்பதிலிருந்து 3,50,000 ஆகிவிட்டதாக ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். செயலி ஒன்றும் புதிதல்ல, 2021-லேயே வந்ததுதான். மத்திய மந்திரிகள் வாய் திறந்த பிறகு சூடு பிடித்தது. அதிலும் தென்காசிப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி என்றால், தாராவியில் இருக்கிற திருநெல்வேலி ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்?

போட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம். தீபாவளி முடிந்ததும் அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள். "போட்டதெல்லாம் சரி, அதுல பேச ஒருத்தரையும் காணோமே."

எப்படி இருப்பார்கள்? ஏர்டெல் பிடிக்கவில்லையென்றால் 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு ஜியோவுக்குப் போய்விடலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. நீங்கள் கம்பெனி மாறியது உங்கள் மச்சானுக்குத் தெரியக்கூடத் தெரியாது, அவர் போன் போட்டால் மணி அடிக்கும். 2016-ல் வந்த யுபிஐயும் அப்படித்தான். என் கடையில் ஒட்டியிருப்பது போன்பேயின் அட்டை, வருகிறவர் கூகுள் பேயிலிருந்து ஸ்கேன் செய்கிறார், காசு வந்து விழுகிறது. ஜிமெயிலை விட்டு ஸோஹோ மெயிலுக்குப் போனவருக்கும் ஜிமெயில்காரர் கடிதம் போடலாம். இங்கெல்லாம் நடுவில் ஒரு பொது விதி இருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்கோ சிக்னல் போன்ற வேறு செயலிக்கோ ஒரு "ஹலோ" கூடப் போகாது. அதனால் நீங்கள் மாறினால் போதாது, சித்தி, மச்சினர், சொசைட்டி செக்ரட்டரி எல்லோரும் கூடவே மாற வேண்டும்.

2021 ஜனவரியிலும் இதே கூத்து நடந்தது. நம் தகவல்களைத் தாய்க் கம்பெனியோடு பகிர்வது பற்றி வாட்ஸ்அப் புதுக் கொள்கை வெளியிட்டு, ஒத்துக்கொண்டால்தான் ஆச்சு என்றது. எல்லோரும் சிக்னலுக்கு ஓடினார்கள், ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் அந்தக் கட்டாயத்துக்காகத் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது 2024 நவம்பரில்.

ஒன்றை மட்டும் வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்: நம்ம ஊர் என்பது வேறு, பூட்டு என்பது வேறு. வாட்ஸ்அப் செய்திகள் 2016-லிருந்து அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். அரட்டையில் அந்த அலை அடித்த சமயத்தில் அழைப்புகளுக்குத்தான் பூட்டு, எழுத்துக்கு இல்லை. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு இன்றும் அந்தப் பூட்டு கிடையாது. சிக்னல் பூட்டும் போடும், தகவலும் அதிகம் சேர்க்காது. ஆனால் உங்கள் பெரியம்மா அதில் இருக்கமாட்டார்.

ஆகவே செயலியைத் தூக்குவதைவிட முதலில் செய்ய வேண்டியது வேறு என்பேன்: உங்கள் படங்களும் நம்பர்களும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். செம்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். போனில் "ஸ்டோரேஜ் ஃபுல்". பேங்க் மெயில்கூட வரவில்லை, மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்கச் சொல்கிறது என்றார். விஷயம் இதுதான்: கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 2021 ஜூனிலிருந்து ஏற்றிய போட்டோக்கள் அதில் சேரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து அந்தக் கணக்கிலேயே ஏறுகிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "மேனேஜ் ஸ்டோரேஜ்" திறந்து காட்டினேன். பலமுறை ஃபார்வர்ட் ஆனவை தனியாக, 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நின்றன. வெங்கடாசலபதி வீடியோ, காலை வணக்கம், மறுபடி காலை வணக்கம். பெருமாளை டெலிட் செய்ய மாமிக்கு மனம் வரவில்லை, "நீயே அமுக்குடாப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேக்கப்பில் வீடியோவை நிறுத்தினேன். பேரன் படங்களை ஓடிஜி பென்டிரைவில் ஒரு பிரதி, வீட்டு லேப்டாப்புக்கென்று இன்னொன்றில் ஒரு பிரதி. இரண்டையும் சரிபார்த்த பிறகே கூகுளிலிருந்து பழையதை அழித்தோம். மாதச் சந்தா மிச்சம்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் நண்பருக்குக் கல்யாண ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில். அவரை வெளியேறச் சொல்வது அநியாயம். வாடிக்கையாளர் நம்பர்களை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டுக் கொடுத்தேன், பில்லில் கடை போன் நம்பரைப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னேன். நாளைக்குக் கணக்கு முடங்கினாலும் அவர் கூப்பிடலாம், அவரையும் கூப்பிடலாம்.

குழுவை நகர்த்தியே தீர வேண்டுமென்றால், யார் அறிவிப்பு போடுகிறாரோ அவரைப் பிடியுங்கள். செம்பூரில் ஒரு கட்டடத்தில் தண்ணி டேங்கர் வருகிற நேரத்தைப் போடுபவர் சிக்னலுக்கு மாறினார், ஒரே வாரத்தில் நாலு மாடியும் பின்னாலேயே வந்துவிட்டது.

எல்லோரும் சேர்ந்தே மாற வேண்டிய இந்தத் தொல்லையை ஐரோப்பாவில் சட்டத்தாலேயே உடைக்கப் பார்க்கிறார்கள். பிற செயலிகளும் தன்னோடு பேச வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்று விதி. இங்கே டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானதோடு சரி. தாராவி இட்லி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். ஆர்டருக்கு வாட்ஸ்அப், ஊர் அண்ணன் தம்பிக்கு அரட்டை என்று இரண்டையும் வைத்திருப்பவர் அவர். "சட்டம் வரும்போது வரட்டும் தம்பி, இப்ப இந்த பேட்டரி ஏன் மத்தியானத்துக்குள்ள தீருது, அதைப் பாரு" என்றார்.